கட்டியிருந்தும் ரயில் நுழையாத நிலையம்: நரிதா விமான நிலைய ரயில் சேவை மாற்றங்கள் குறித்த நிகழ்வு ஆய்வு

டோக்கியோவின் புதிய பன்னாட்டு விமான நிலையம் நரிதாவில் 1978 மே 20 அன்று திறக்கப்பட்டது. அதற்கான ரயில் மறுநாள் ஓடத் தொடங்கியது. டோக்கியோவின் உயேனோ நிலையத்தில் ‘ஸ்கைலைனர்’ விரைவு ரயிலில் ஏறிய பயணி, 60 நிமிடத்தில் ‘நரிதா விமான நிலையம்’ என்று பெயர்ப்பலகை மாட்டிய ஒரு நிலத்தடி நிலையத்தில் இறங்கினார். ஆனால் விமானம் ஏறும் முனையம் அங்கிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்தது. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து, இணைப்புப் பேருந்துக்குக் காத்திருந்து, மறுபடியும் பெட்டிகளை ஏற்றி இறக்கினால்தான் முனையத்தின் வாசலை மிதிக்க முடிந்தது. அதே நேரத்தில் அந்த முனையத்தின் நேர் அடியில், தண்டவாளம் போடாத, விளக்கு எரியாத இன்னொரு ரயில் நிலையத்தின் கூடு கட்டி நிறுத்தப்பட்டிருந்தது. அதற்குள் முதல் ரயில் நுழைய 1991ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்த 13 ஆண்டுத் தாமதம் எப்படி நேர்ந்தது, அதைத் தீர்த்த விதம் எப்படி இன்றுவரை கால அட்டவணையைக் கட்டிப்போட்டிருக்கிறது என்பதை இந்த ஆய்வு பார்க்கிறது. நரிதா ரயில்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வேகத்தைத்தான் முதலில் பேசுவார்கள். ஆவணங்களைத் தொடர்ந்து படித்துவரும்போது எனக்குத் தெரிவது வேறு: நிலையம் எங்கே அமைந்தது, அந்த இடம் யாருக்கென்று ஒதுக்கப்பட்டது, அதற்குள் எத்தனை தடம் போனது ஆகிய மூன்றும்தான் ஒவ்வொரு சேவை மாற்றத்தின் பலனையும் எல்லையையும் தீர்மானித்திருக்கின்றன.

யாருக்காகவோ ஒதுக்கிய இடம்

சன்ரிசுகா பகுதியில் விமான நிலையம் கட்டுவதென்று ஜப்பான் அமைச்சரவை 1966 ஜூலையில் முடிவெடுத்தது. அங்கிருந்த விவசாயிகளைக் கலந்து பேசாமல் எடுத்த முடிவு என்பதால் எழுந்த எதிர்ப்புப் போராட்டம் பல உயிர்களைக் காவு கொண்டது. அதன் நிழல் இந்தக் கதை நெடுக விழுகிறது. ரயிலைப் பொறுத்தவரை அந்த முடிவின் உடனடி விளைவு தூரம்தான். ஹனேடா விமான நிலையம் நகரின் விளிம்பிலேயே இருந்தது. நரிதாவோ நகர மையத்திலிருந்து 60 கிலோமீட்டருக்கும் அப்பால், சிபா மாகாணத்தின் உள்பகுதியில் இருந்தது. இந்தத் தூரத்தை நியாயப்படுத்த ஓர் அதிவேக ரயில் தேவைப்பட்டது. டோக்கியோ நிலையத்திலிருந்து சுமார் 65 கிலோமீட்டரை 30 நிமிடத்தில் கடக்கும் நரிதா ஷின்கன்சென் திட்டம் 1971இல் அரசின் அடிப்படைத் திட்டத்தில் இடம்பெற்று, 1974இல் பணியும் தொடங்கியது. முனையத்தின் அடியில் இருந்த நிலைய இடம் இந்த ரயிலுக்கென்று ஒதுக்கப்பட்டது.

நரிதாவுக்கு ஏற்கெனவே ரயில் ஓட்டிக்கொண்டிருந்தது கெய்செய் என்ற தனியார் ரயில் நிறுவனம். ஷின்ஷோஜி கோயிலுக்குப் பக்தர்களை ஏற்றிச் சென்றே வளர்ந்த அந்த நிறுவனம் விமான நிலையத்துக்கும் பாதை போட முன்வந்தது. முனையத்தின் அடியில் இடம் கேட்டபோது, அது ஷின்கன்செனுக்கு உரியது என்ற பதில்தான் கிடைத்தது. ஆகவே கெய்செய்-நரிதா நிலையத்திலிருந்து 7.1 கிலோமீட்டர் புதுப்பாதை போட்டு, முனையத்துக்கு எட்டாத தொலைவில் தன் நிலையத்தைக் கட்டிக்கொண்டது. அந்தப் பாதை 1972இலேயே தயாராகிவிட்டது. ஸ்கைலைனருக்கான ஏ.ஈ. வகைப் பெட்டிகளும் வந்துவிட்டன. விமான நிலையம்தான் திறக்கப்படவில்லை. ஓடுபாதையின் தென்முனைக்கு எதிரே போராட்டக்காரர்கள் எழுப்பியிருந்த இரும்புக் கோபுரம் 1977 மே மாதம்தான் அகற்றப்பட்டது. திறப்பு விழா 1978 மார்ச் 30 என்று குறித்திருந்த நிலையில், நான்கு நாள் முன்னதாகக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குள் நுழைந்தவர்கள் அங்கிருந்த கருவிகளை அடித்து நொறுக்கினர். புதுத் தேதிக்கு இரண்டு வாரம் இருக்கையில், மே 5 அன்று, பணிமனையில் நின்றிருந்த ஒரு ஸ்கைலைனருக்குத் தீ வைக்கப்பட்டது. சும்மா நிறுத்திவைக்க முடியாமல் 1973 டிசம்பர் 30 முதல் கோயில் பயணிகளுக்காக அந்த ரயில்களை உயேனோவுக்கும் கெய்செய்-நரிதாவுக்கும் இடையே ஓட்டிவந்த நிறுவனம், போட்ட முதல் திரும்பாமல் கடுமையான நிதி நெருக்கடியில் சிக்கியது.

இடத்தைப் பிடித்துவைத்த ஷின்கன்செனோ வரவே இல்லை. பாதை கடந்து போகவேண்டிய எடோகாவா வட்டாரம் போன்ற பகுதிகளுக்கு அந்த ரயிலால் கிடைக்கப்போவது இரைச்சல் மட்டுமே. விமான நிலையம் தவிர, திட்டத்தில் இருந்த நிறுத்தம் சிபா நியூ டவுனில் ஒன்றுதான். எடோகாவா தொடர்ந்த வழக்கை 1978 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், திட்ட ஒப்புதல் என்பது வழக்குத் தொடரக்கூடிய நிர்வாக நடவடிக்கை அன்று என்று கூறித் தள்ளுபடி செய்தது. வழக்கில் அரசு தோற்கவில்லை என்றாலும் நிலம் கிடைக்கவில்லை. 1983இல் பணி நிறுத்தப்பட்டது. தேசிய ரயில்வே 1987 ஏப்ரலில் தனியார் நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது திட்டமும் காலாவதியானது. எஞ்சியது, விமான நிலையத்தை ஒட்டிய சுமார் 9 கிலோமீட்டர் பாதைப் படுகையும் முனையத்தின் அடியில் நிலையக் கூடும்தான்.

இந்த இடைக்காலத்தில் என்னை மிகவும் வருத்தும் செய்தி ஒன்று உண்டு. விமானங்களுக்கு எரிபொருள் கொண்டுவரும் குழாய்ப்பாதை குறித்த காலத்தில் முடியாததால், 1978 முதல் 1983 வரை காஷிமாவிலிருந்தும் சிபா கடற்கரையிலிருந்தும் சரக்கு ரயில்கள்தான் நரிதாவுக்கு எரிபொருள் ஏற்றி வந்தன. தேசிய ரயில்வேயின் தண்டவாளம் விமானத்துக்கான எண்ணெயைச் சுமந்து வந்ததே தவிர, விமானத்தில் ஏறவேண்டிய பயணியை முனையம்வரை கொண்டுவந்து விடவில்லை. பயணிகள் பேருந்துக்கு மாறினார்கள். நகரின் ஹகோசாகியில் 1972இல் திறந்த விமானப் பயணிகள் முனையத்தில் பெட்டிகளை ஒப்படைத்துவிட்டுப் பேருந்தில் நேரே விமான நிலைய வாசலில் இறங்கலாம் என்றபோது, நெடுஞ்சாலை நெரிசலையும் பொறுத்துக்கொண்டு மக்கள் அதையே தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை.

1991 மார்ச் 19

போக்குவரத்து அமைச்சராக இருந்த இஷிஹாரா ஷின்டாரோ 1988இல், கைவிடப்பட்டுக் கிடந்த நிலத்தடி நிலையத்தைப் பயன்படுத்துமாறு பணித்தார். அவ்வாண்டே அதற்கென ஒரு தனி நிறுவனம் தொடங்கப்பட்டது. பாதையும் நிலையமும் அந்த நிறுவனத்துக்குச் சொந்தம். ரயிலை ஓட்டுவது தேசிய ரயில்வேயிலிருந்து பிரிந்த ஜே.ஆர். கிழக்கு, கெய்செய் ஆகிய இரண்டும் என்று ஏற்பாடாயிற்று. பத்தாண்டு இழுத்த முட்டுக்கட்டை மூன்றாண்டில் தீர்ந்ததற்குக் காரணம் புதிய தொழில்நுட்பம் ஏதும் இல்லை. இடத்துக்கு உரிமை கொண்டாடிய திட்டம் இல்லாமற்போனதும், இரு போட்டியாளர்களுக்கும் நடுவே பொதுவான உரிமையாளர் ஒருவர் வந்ததும்தான் காரணம்.

1991 மார்ச் 19 அன்று இரு நிறுவனங்களின் ரயில்களும் ஒரே நாளில் முனையத்தின் அடியில் வந்து நின்றன. ஜே.ஆர். கிழக்கின் புதிய சேவைக்கு ‘நரிதா எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். அதன் வேகமான வண்டி டோக்கியோ நிலையத்திலிருந்து 53 நிமிடத்தில் விமான நிலையத்தை அடைந்தது. சிபா நகரைச் சுற்றிக்கொண்டு 79.2 கிலோமீட்டர் ஓட வேண்டியிருந்தும் அந்தச் சேவை பயணிகளை ஈர்த்ததற்குக் காரணம், அது தொடங்கிய இடங்கள். ஷின்ஜுகுவிலிருந்து ஒரு தொடரும் யோகோஹாமாவிலிருந்து ஒரு தொடரும் வந்து, டோக்கியோ நிலையத்தின் ஆழத்தில் ஒன்றாகக் கோத்துக்கொண்டு நரிதாவுக்குப் புறப்பட்டன. மேற்கு டோக்கியோவில் குடியிருப்பவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டி மாறவேண்டிய தேவையே இல்லாமற்போனது. கெய்செய்க்கு இந்த வசதி கிடையாது. அதன் பாதை உயேனோவில் முடிகிறது. அங்கேயும் கெய்செய் நிலையம் தனி, ஜே.ஆர். நிலையம் தனி. 1992 டிசம்பரில் இரண்டாம் முனையம் திறந்தபோது அதன் அடியிலும் ஒரு நிலையம் சேர்ந்தது. இம்முறை ரயில் முனையத்துக்காகக் காத்திருக்கவில்லை. மூன்று நாள் முன்னதாகவே நிலையம் திறக்கப்பட்டது.

பழைய நிலையம் அதே மார்ச் 19 அன்று ஹிகாஷி-நரிதா, அதாவது கிழக்கு நரிதா, என்று பெயர் மாற்றம் பெற்றது. இன்றும் அது இயங்குகிறது. நான்கு தடமும் இரண்டு தீவு நடைமேடைகளுமாகப் பெருங்கூட்டத்தை எதிர்பார்த்துக் கட்டிய நிலையம் அது. இப்போது ஒரு நடைமேடைதான் புழக்கத்தில் உள்ளது. ஸ்கைலைனர் நின்ற மற்றொன்று அடைக்கப்பட்டு இருட்டில் கிடக்கிறது. அதில் ‘நரிதா விமான நிலையம்’ என்ற பழைய பெயர்ப்பலகை அகற்றப்படாமல் நிற்கிறது. அங்கிருந்து இரண்டாம் முனைய நிலையத்துக்கு ஆளரவமற்ற நேரான சுரங்க நடைபாதை ஒன்று சுமார் 500 மீட்டர் நீள்கிறது. அதில் நடப்பவர்கள் பெரும்பாலும் விமான நிலையத்தில் வேலை செய்பவர்கள். 2002 அக்டோபர் 27 அன்று இந்த நிலையத்திலிருந்து ஷிபயாமா-சியோதா வரை 2.2 கிலோமீட்டர் பாதை ஒன்று திறக்கப்பட்டது. விமான நிலையம் குறுக்கே வந்து விழுந்ததால் போக்குவரத்து துண்டிக்கப்பட்ட கிழக்குப் பக்க மக்களுக்கு ஈடாகக் கொடுத்தது அது.

ஒற்றைத் தடம் என்னும் விலை

1991இல் செய்த ஏற்பாட்டின் சூட்சுமமும் குறையும் ஒரே இடத்தில்தான் உள்ளன. ஷின்கன்சென் வந்து போக இரட்டைப் பாதைக்காக வெட்டிய சுரங்கம் அது. அதை இரு நிறுவனங்களுக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஜே.ஆர். வண்டிகள் 1,067 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடுபவை. கெய்செய் வண்டிகளுக்கு 1,435 மில்லிமீட்டர் வேண்டும். ஆகவே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தடம் கிடந்தும், ஒன்றில் ஓடும் வண்டி மற்றொன்றில் ஓட முடியாது. பார்ப்பவர் கண்ணுக்கு இரட்டைப் பாதை. நடைமுறையில் இரண்டு ஒற்றைப் பாதைகள்.

ஒற்றைப் பாதையில் கிராசிங்குக்காக நின்றுகொண்டிருந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். விமான நிலையத்திலிருந்து ஒரு வண்டி வெளியேறும்வரை எதிர்த்திசை வண்டி உள்ளே வர முடியாது. இதைச் சமாளிக்க, ஜே.ஆர். பாதையில் ஹோரினோவுச்சி என்ற இடத்திலும், பின்னாளில் கெய்செய் பாதையில் ஷின்-நெகோயா என்ற இடத்திலும், பயணிகள் ஏறி இறங்காத, வண்டிகள் விலகிக்கொள்வதற்கு மட்டுமேயான சிக்னல் நிலையங்கள் அமைந்தன. எங்கோ டோக்கியோவுக்கு அருகே ஒரு வண்டி சில நிமிடம் பிந்தினால், விமான நிலையத்திலிருந்து புறப்பட வேண்டிய வண்டியும் இந்த இடங்களில் காக்க நேரிடும். மணிக்கு எத்தனை வண்டி விடலாம் என்பதை முடிவுசெய்வது பயணிகளின் எண்ணிக்கை அன்று, இந்தச் சில கிலோமீட்டர்தான். அன்றைய நிலையில், கட்டியிருந்த சுரங்கத்தை வீணாக்காமல், இரு நிறுவனங்களையும் உடனே உள்ளே கொண்டுவர வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆயினும் நடையை ஒழிக்கக் கொடுத்த விலை, கூடுதல் வண்டிகளுக்கான இடம்.

2010: பதினைந்து நிமிடம்

2010 ஜூலை 17 அன்று நரிதா ஸ்கை அக்சஸ் பாதை திறக்கப்பட்டது. உயேனோவுக்கு அடுத்த நிலையமான நிப்போரியிலிருந்து இரண்டாம் முனையம்வரை ஸ்கைலைனரின் பயண நேரம் 51 நிமிடத்திலிருந்து 36 நிமிடமாகக் குறைந்தது. முழுப் புதுப்பாதை ஒன்று போட்டதால் கிடைத்த பலன் அன்று அது. தாகாசாகோவிலிருந்து சிபா நியூ டவுன் வழியாக ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஹொகுசோ பாதையை, அதன் கிழக்கு முனையான இன்பா நிஹொன்-இதாய் நிலையத்திலிருந்து நீட்டி, 1991இல் உயிர்பெற்ற சுரங்கத்தோடு இணைத்தார்கள். கைவிட்ட ஷின்கன்சென் போகவிருந்த தடத்தின் ஒரு பகுதியிலேயே இந்த ரயில் ஓடுகிறது. நியூ டவுனில் அதற்கென விட்டுவைத்திருந்த நிலம் கடைசியில் வேறொருவருக்குப் பயன்பட்டது.

மணிக்கு 160 கிலோமீட்டர் என்பது ஷின்கன்சென் அல்லாத வண்டிகளில் இன்று ஜப்பானிலேயே மிக உயர்ந்த வேகம். அந்த வேகத்தில் போகலாம் என்று ஓட்டுநருக்குத் தெரிவிக்க, வழக்கமான ஒற்றைப் பச்சைக்குப் பதிலாக இரண்டு பச்சை விளக்குகள் எரியும் சிக்னல் பயன்படுகிறது. நரிதா-யுகாவா நிலையத்தைத் தாண்டியதும் இரட்டைப் பாதை ஒற்றைப் பாதையாகச் சேரும் இடத்தில் போட்டிருக்கும், வண்டியைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்டை ரயில் பொறியியலில் ஆர்வமுள்ளவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். சாதாரணப் பாயிண்ட்டில் பிரிந்து செல்லும் பக்கம் போகும் வண்டி வேகத்தைக் குறைத்தாக வேண்டும். இங்கே மிக நீளமாக, மிக மென்மையான வளைவோடு அதை அமைத்திருப்பதால், பிரியும் பக்கத்திலும் ஸ்கைலைனர் 160 கிலோமீட்டர் வேகத்திலேயே கடந்துவிடுகிறது. ஒற்றைத் தடத்துக்குள் நுழைந்து, அதைச் சீக்கிரம் காலிசெய்து கொடுத்தால்தான் எதிர்வண்டி வர முடியும் என்பதே இந்தச் செலவுக்குப் பின்னுள்ள நியாயம்.

நிப்போரி நிலையத்தில் முந்திய ஆண்டே முக்கியமான ஒரு வேலை முடிந்திருந்தது. விமான நிலையத்தை நோக்கிச் செல்லும் கெய்செய் தடத்தை மேல்தளத்துக்கு உயர்த்தி, ஸ்கைலைனர் பயணிகளுக்குத் தனி நடைமேடை ஒதுக்கினார்கள். யாமனோதே வட்டப்பாதையிலிருந்து இறங்குபவர் தடுமாறாமல் மாறிக்கொள்ள முடிந்தது. உயேனோவின் குறையை நிப்போரி ஈடுகட்டியது. 36 நிமிடம் என்ற எண்ணை உயேனோவிலிருந்து கணக்கிடாமல் நிப்போரியிலிருந்து விளம்பரப்படுத்தியதில் வணிகக் கணக்கு இருக்கலாம். பயணிகளில் பெரும்பாலோர் மாறும் இடம் அது என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது.

கட்டணமும் ஏறியது. பழைய ஸ்கைலைனருக்கு 1,920 யென். புதியதற்கு 2,400 யென். சிறப்புக் கட்டணம் இல்லாத ‘அக்சஸ்’ விரைவு வண்டிகளும் இதே பாதையில் ஓடத் தொடங்கின. இங்கே ஒரு புதுச் சிக்கல் முளைத்தது. புதுப்பாதை வழியாகப் போனால் ஒரு கட்டணம், பழைய முதன்மைப் பாதை வழியாகப் போனால் அதைவிடக் குறைந்த கட்டணம். இரண்டுமே நிப்போரிக்குப் போய்ச் சேர்வதால், பயணி எந்த வழியில் வந்தார் என்று டிக்கெட் கதவுக்குத் தெரிய வேண்டும். அதற்காக விமான நிலையத்தின் கெய்செய் நிலையங்களில் இரு வழிகளுக்கும் நடைமேடையையும் டிக்கெட் கதவுகளையும் பிரித்துவிட்டார்கள். முதல் முறை வரும் வெளிநாட்டவர், பெயர் ஒன்றாக இருக்கும் நிறுவனத்தின் இரண்டு கதவுகளுக்கு நடுவே நின்று விழிப்பது இதனால்தான். வழி தெரிந்தவருக்கு மலிவான தேர்வு கிடைக்கிறது. தெரியாதவருக்கு நேரம் வீணாகிறது.

2015 மார்ச் 30 அன்று நடந்த மாற்றம் ரயில் சார்ந்ததில்லை என்றாலும் பயண நேரத்தைக் குறைத்தது. போராட்டக் காலத்தில் ஏற்பட்ட, விமான நிலையத்துக்குள் நுழையும் ஒவ்வொருவரிடமும் அடையாளச் சான்று கேட்கும் வழக்கம் அன்றோடு நிறுத்தப்பட்டது. ரயிலைவிட்டு இறங்கியவர் கடவுச்சீட்டைத் தேடிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. அடுத்த வாரமே, ஏப்ரல் 8 அன்று, மலிவுக் கட்டண விமானங்களுக்கான மூன்றாம் முனையம் ரயில் நிலையம் இல்லாமல் திறக்கப்பட்டது. இரண்டாம் முனையத்திலிருந்து அங்கே நடக்கும் வழியில் ஓட்டப்பந்தயத் தடம்போல நீலமும் செம்பழுப்புமாகத் தரையில் வண்ணம் பூசினார்கள். அழகான வேலைதான். ஆனால் 1978இல் பேருந்துக்குக் காத்திருந்த பயணியின் பாடு, குறைந்த கட்டணம் செலுத்துபவருக்கு மட்டும் வேறு வடிவில் திரும்பி வந்ததாகவே அதை நான் பார்க்கிறேன்.

2019 செப்டம்பர் 9 இரவு

ஃபக்சாய் புயல் 2019 செப்டம்பர் 9 அதிகாலையில் சிபா நகருக்கு அருகே கரையைக் கடந்தது. ஜே.ஆர்., கெய்செய் இரு பாதைகளும் நின்றன, நெடுஞ்சாலைகள் மூடப்பட்டன. காற்று தணிந்ததும் ஓடுபாதை தயாராகிவிட்டதால் விமானங்கள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தன. இறங்கியவர்கள் வெளியேற வழியில்லை. அன்றிரவு சுமார் 13,300 பேர் விமான நிலையத் தரையில் படுத்துக் கழித்தனர். இரண்டு ரயில் நிறுவனங்கள் இருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றொன்று கைகொடுக்கும் என்ற எண்ணம் அன்று பொய்த்தது. வேறுவேறு நிறுவனங்களாக இருந்தாலும் கடைசிச் சில கிலோமீட்டர் ஒரே நிலத்தின் மீது, ஒரே மரங்களுக்கு நடுவே போகின்றன. விமானத்தை இறக்கும் முடிவை எடுப்பவர் ஒருவர், தண்டவாளத்தின் மீது விழுந்த மரத்தை அகற்றுபவர் இன்னொருவர் என்று பிரிந்திருப்பதும் அன்று அப்பட்டமாகத் தெரிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கெய்செய் ஸ்கைலைனரை நாளின் பெரும்பகுதியில் 20 நிமிடத்துக்கு ஒன்றாக விடத் தொடங்கியது. ஒற்றைத் தடத்தில் அதற்குமேல் நெருக்கமாக விடுவது எளிதன்று.

இப்போது நரிதாவில் 3,500 மீட்டர் நீள மூன்றாம் ஓடுபாதைக்கான பணி நடக்கிறது. ஆண்டுக்கு 3 லட்சமாக இருந்த விமானப் போக்குவரத்து எல்லையை 5 லட்சமாக உயர்த்துவதும், பிரிந்து கிடக்கும் முனையங்களை ஒன்றாகத் திரட்டுவதும் திட்டத்தில் உள்ளன. அத்தனை பயணிகளையும் ஏற்றிச் செல்ல ஒற்றைத் தடம் போதாது என்பதை விமான நிலைய நிறுவனமே தன் திட்ட ஆவணங்களில் ஒப்புக்கொண்டு, ரயில் நிலையத்தை மாற்றியமைப்பதையும் பேசுகிறது. சுரங்கத்தில் இரு நிறுவனங்களின் தடங்களும் சுவருக்குச் சுவர் நெருங்கிக் கிடப்பதால், இரட்டைப் பாதை வேண்டுமென்றால் புதிதாகத்தான் வெட்டியாக வேண்டும். புதிய முனையம் எழும் இடம் உறுதியானால்தான் சுரங்கம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்ல முடியும். அந்தச் செலவை அரசு, விமான நிலைய நிறுவனம், இரு ரயில் நிறுவனங்கள், இரண்டு தண்டவாள உரிமை நிறுவனங்கள் ஆகியவற்றில் யார் யார் எவ்வளவு ஏற்பது என்பதுதான், முனையத்தின் கூரை எழும்பும் முன் முடிவாக வேண்டிய கேள்வி.